பெட்டி பழசாக இருக்கட்டும், டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "வீட்டில் இரண்டு பழைய மெஷின் கிடக்கிறது. ஒன்று அப்பாவின் கந்தோரில் கழித்துவிட்ட டெஸ்க்டொப். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மற்றது திரை உடைந்த லப்டொப். ஆறாம் தலைமுறை ஐ3, அதிலும் 4 ஜிபி ரேம்தான். எல்லாருடைய போனிலும் உள்ள படங்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் டிவியில் படம் பார்க்க வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணாவும் குடும்பப் படங்களைப் பார்க்க வேண்டும். கையில் 50,000 ரூபா இருக்கிறது. எதை வைத்து வீட்டு சேர்வர் செய்யலாம்?"

தம்பி, லப்டொப்பையே சேர்வராக்குங்கள். டெஸ்க்டொப்பை எறிந்துவிட வேண்டாம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. காசின் பெரும் பங்கைப் புது டிஸ்க்குகளுக்கு ஒதுக்குங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று விளங்கினால்தான் நாளைக்கு எதையாவது மாற்றவோ கூட்டவோ நேரும்போது நீங்களே முடிவெடுப்பீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சேர்வர் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஓடிக்கொண்டு, வீட்டில் உள்ள போனும் டிவியும் கேட்பதை எடுத்துக் கொடுக்கிற கொம்பியூட்டர், அவ்வளவுதான். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்குப் படமும் வீடியோவும் கொடுக்க 2012இல் வந்த ஐ5 தாராளமாகப் போதும். பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கப்போகிறது. ஆகவே எது வேகம் என்று பார்க்காதீர்கள். சும்மா இருக்கும்போது எது குறைவாகக் கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள்.

யானையை ஒருவர் சும்மா தந்தாலும் தீனி நாம்தானே போட வேண்டும்? அந்தக் காலத்து டெஸ்க்டொப் ஒன்று, ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்க, வேலை எதுவும் செய்யாமலே 30 முதல் 40 வாட் வரை இழுக்கும். 35 வாட் என்று வைப்போம். 24 மணித்தியாலத்துக்கு 0.84 யூனிட், மாதத்துக்கு 25 யூனிட். திரையை அணைத்துவிட்ட லப்டொப் 10 வாட் அளவில் நிற்கும். மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்.

18 யூனிட் வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 30, 60, 90, 120, 180 என்று படிகள். ஒரு படியைத் தாண்டினால் யூனிட் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அதிலும் 60ஐத் தாண்டும் வீட்டுக்கு முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. உங்கள் வீட்டு பில் 80 யூனிட் என்றால் லப்டொப் சேர்ந்தாலும் 87, அதே படியில்தான் நிற்கிறீர்கள். டெஸ்க்டொப் என்றால் 105, அடுத்த படி. விலைகள் அடிக்கடி மாறுவதால் நான் ரூபாக் கணக்கு எழுதவில்லை. கடைசியாக வந்த பில்லை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 55 யூனிட்டோடு நிற்கிற சிக்கனமான வீடு என்றால், 7 யூனிட் கூட 60ஐத் தாண்டச் செய்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பின்னேரம் 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை மட்டும் ஓட்டலாம். குறித்த நேரத்தில் தானாக எழும்ப வைக்கும் வசதி பல மெஷின்களின் பயோஸில் (மெஷினைப் போட்டதும் இயங்குதளத்துக்கு முன்னே வரும் அமைப்புப் பகுதியில்) உண்டு.

மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டு டிஜிட்டல் மீற்றரில் ஒரு சின்ன சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று மீற்றரிலேயே அச்சிட்டிருக்கும். 1000 என்று இருந்தால் ஒரு மின்னல் ஒரு வாட் மணி. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, சேர்வரை மட்டும் ஓடவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பாருங்கள். 120 செக்கன் என்றால் 30 வாட். ஆறு நிமிடம் என்றால் 10 வாட். சந்தேகம் வரும்போதெல்லாம் நான் இப்படித்தான் அளக்கிறேன்.

வீட்டில் பழைய மெஷின் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஒரு சிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலக மெஷின்கள் நல்ல நிலையிலேயே கழிக்கப்படுகின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு அவை அருமையானவை. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகளில் புத்தகம் அளவு சின்னப் பெட்டிகள் உண்டு. கரண்ட் இழுப்பதில் அவை லப்டொப்புக்குக் கிட்ட நிற்கும். திருகோணமலைக் கடைகளில் கிடைக்காவிட்டால், கொழும்புக்குப் போகும் வேலை இருக்கும்போது யூனிட்டி பிளாசா பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பென்டியம் 4, கோர் 2 டூயோ காலத்து மெஷினைச் சும்மா தந்தாலும் வேண்டாம். கரண்டும் கூடத் தின்னும், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும்.

இனி லப்டொப்பைத் திறப்போம். முதலில் பட்டரி. தொடுபட்டை மேலெழும்பி நிற்கிறதா, அடிமூடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீங்கிய பட்டரியை ஒரு நாள் கூட உள்ளே வைக்கக் கூடாது. அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். கவனமாகக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். பட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடாத லப்டொப் குறைவுதான். பட்டரி நல்லதாக இருந்தால் அதுவே உங்கள் யூபிஎஸ். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பயோஸில் இருந்தால் போட்டுவிடுங்கள், பட்டரி நீண்ட நாள் உழைக்கும். ஃபேனைத் தூசு தட்டி, புரொசசர் பசையைப் புதுப்பியுங்கள். ரேம் 8 ஜிபி ஆக்குங்கள். ஆறாம் தலைமுறை லப்டொப் சிலவற்றில் டிடிஆர்3எல், சிலவற்றில் டிடிஆர்4 இருக்கும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டிஸ்க் விஷயத்தில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். மெஷின் பழுதானால் வேறொன்றில் டிஸ்க்கைக் கொழுவலாம். டிஸ்க் போனால் உள்ளே இருந்ததும் அதோடு போய்விடும். பல வருடங்களுக்கு முன் பாவித்த டிஸ்க் ஒன்றை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் பூட்டினேன். 41,000 மணித்தியாலம் ஓடிய டிஸ்க். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம், ஆக நாலரை வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடியிருக்கிறது. எச்சரிக்கை எண்கள் ஏறத் தொடங்கியதையும் கண்டேன், அடுத்த மாதம் மாற்றலாம் என்று ஆறப்போட்டேன். அந்த அடுத்த மாதம் வருமுன்னே தங்கச்சியின் கல்யாணப் படங்களில் பாதி போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கேட்பதில்லை.

டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் அந்த எண்களைப் பார்ப்பது சுலபம். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மொன்டூல்ஸ். 5ஆம் இலக்கம் பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. 197 வாசிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள். 198 திருத்தவே முடியாதவை. மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். 197 ஒன்று என்று காட்டினாலும் அன்றைக்கே பிரதி எடுங்கள். 199 மட்டும் ஏறினால் பயப்பட வேண்டாம், அநேகமாகக் கேபிள் பிழை, டிஸ்க் பிழை இல்லை. 9 ஓடிய மணித்தியாலம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த இலக்கங்களைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்முறையில் காட்டும், ஆகவே 197 அங்கே சி5 என்றும் 198 சி6 என்றும் இருக்கும். இது தெரியாமல் தேடிக் களைத்தவர்கள் பலர்.

உங்கள் லப்டொப்பில் டிவிடி டிரைவ் இருக்கிறதா? இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் சட்டகம் (கேடி) ஒன்றைப் பூட்டி, சின்ன எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டு அதில் இயங்குதளத்தை வையுங்கள். கேடியில் 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பு உண்டு, அளந்து வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்குப் புது 1 டிபி டிஸ்க். படம் எல்லாம் அதில். டிவிடி டிரைவ் இல்லை என்றால் எஸ்எஸ்டியை உள்ளேயும் பெரிய டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக வெளியேயும் வைக்கலாம். அந்தக் கேபிள் யாருடைய காலிலும் தட்டுப்படாமல் இருக்க வேண்டும். இன்னொரு 1 டிபி வெளி டிஸ்க்கும் வாங்குங்கள், அது பிரதிக்கு. உங்கள் 50,000த்தில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும்தான் போகும், போகவும் வேண்டும்.

எங்கே வைப்பது? உப்புவெளி கடற்கரைப் பக்கம். உப்புக் காற்று கொம்பியூட்டருக்கு எதிரி. இரும்புக் கேற்றைத் தின்னுகிற அதே காற்றுத்தான் ரேம் பற்களையும் யூஎஸ்பி வாயையும் தின்னும். கடலைப் பார்த்த யன்னல் உள்ள அறை வேண்டாம். நடு அறையில், நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் ஒரு தட்டு போதும். மாரியில் வெள்ளம் உள்ளே வந்தால் நிலத்தில் உள்ள பொருளுக்குத்தான் முதல் சேதம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டுக்குள்ளேயே 35 பாகை வெக்கை இருக்கும், அதனால் மூடிய அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். லப்டொப் மூடியைப் பாதி திறந்து, கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்தினால் காற்றோட்டம் நல்லது. எறும்பும் பல்லியும் சூட்டைத் தேடி வரும். டெஸ்க்டொப் பவர் சப்ளைக்குள் பல்லி செத்து மெஷின் அடியோடு நின்றதைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். காற்றுத் துவாரங்களுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒட்டி, கிழமைக்கு ஒரு தரம் தூசு தட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரேமைக் கழற்றி ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் பற்களைத் துடைத்துப் பூட்டுங்கள். "ரேம் போய்விட்டது" என்று கடைக்காரர் சொல்லும் லப்டொப்பில் சில இந்தத் துடைப்போடேயே உயிர் பெற்றுவிடும்.

கரண்ட் வெட்டைப் பற்றித் திருகோணமலையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். லப்டொப் பட்டரி அரை மணித்தியாலம் தாங்கினாலும் போதும். 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் தானாக ஒழுங்காக அணைந்துவிடும்படி அமைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றால்தான் பைல்கள் கெடும். அப்படி அணைந்த மெஷின் கரண்ட் வந்ததும் தானாக எழும்ப வேண்டும் என்றால் பயோஸில் அதற்கொரு அமைப்பு உண்டு. டெஸ்க்டொப்பில் அநேகமாக இருக்கும், லப்டொப்பில் சிலவற்றில்தான். இல்லாவிட்டால் அம்மாவிடம் பவர் பட்டனைக் காட்டிக் கொடுங்கள். பட்டரி இல்லாதவர்கள் சாதாரண 650 விஏ யூபிஎஸ் வாங்கலாம். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும், அதை மட்டும் மாற்றினால் போதும். ரவுட்டருக்கும் சின்ன 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வேண்டும். சேர்வர் உயிரோடிருந்து ரவுட்டர் அணைந்தால் பலனில்லையே. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் வரும்போது ஒன்றையும் நம்பாதீர்கள். ப்ளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள்.

இயங்குதளத்துக்கு என் தெரிவு டெபியன் என்ற லினக்ஸ் வகை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இந்த லப்டொப்புக்குச் சரியாக இருக்கும். திரை உடைந்ததால் நிறுவும்போது மட்டும் எச்டிஎம்ஐ வழியாக டிவியில் கொழுவுங்கள். மூடியை மூடினால் தூங்கப் போகும் வழக்கத்தை அமைப்பில் நிறுத்த மறக்க வேண்டாம். முதல் முறை செய்பவர்களை அலைக்கழிப்பது அதுதான். வயரில்லாமல் வைஃபையில் ஓட்டலாம் என்றாலும், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து நெட்வேர்க் கேபிளால் இணைத்தால் அரைவாசித் தலையிடி குறையும். கட்டளை எழுதிப் பழக்கமில்லை என்றால் ஓப்பன்மீடியாவால்ட் போடுங்கள், பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம். உள்ளே இருப்பது டெபியன்தான்.

மென்பொருளை ஒரே நாளில் குவிக்காதீர்கள். முதல் கிழமை சம்பா மட்டும் போட்டு, வீட்டில் எல்லாரும் ஒரு பொது போல்டரைப் பார்க்கச் செய்யுங்கள். அது ஒழுங்காக ஓடினால் போன் படங்களுக்கு இம்மிச். போனில் எடுத்த படம் வீட்டு வைஃபைக்கு வந்ததும் தானாக சேர்வருக்கு ஏறும். முகம் அறியும் வேலையை முதல் தரம் செய்யும்போது உங்கள் ஐ3 இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும். விட்டுவிடுங்கள், முடித்துக்கொள்ளும். கடைசியாக டிவிக்கு ஜெல்லிஃபின். ஆறாம் தலைமுறை இன்டெல்லில் எச்.264, 8 பிட் எச்இவிசி என்ற வீடியோ வகைகளை டிவிக்கு ஏற்றபடி மாற்ற வன்பொருள் உதவி உண்டு, 10 பிட் எச்இவிசிக்கு இல்லை. ஆகவே டிவி தானே நேரடியாக இயக்கக்கூடிய வடிவத்தில் படங்களை வைத்திருங்கள், சேர்வருக்கு வேலையே இராது. தமிழ் வசன வரிகள் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் சேர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிப் பாருங்கள். பெரிய தரவிறக்கங்களையும் அப்டேட்களையும் நள்ளிரவுக்குப் பிறகு நடக்கும்படி வையுங்கள். இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் பகல் டேட்டா மிஞ்சும்.

அண்ணாவுக்குப் படம் காட்டுவதற்கு ரவுட்டரில் வெளியிலிருந்து வருவதற்கான கதவு (போர்ட்) திறந்துவிட வேண்டாம். சம்பாவை இணையத்துக்குத் திறந்துவிடுவது பெரும் ஆபத்து. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் விண்டோஸில் அந்த வழியாகத்தான் புகுந்தது. தவிர, எங்களூர் 4ஜி இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி முகவரி கிடைப்பதில்லை, பலருக்கு ஒரே முகவரி. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். அங்கே கதவு திறந்தாலும் யாரும் வர முடியாது. டெயில்ஸ்கேல் இதற்கு நல்ல வழி. சேர்வரிலும் அண்ணாவின் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் இணைத்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். படம் அவருக்கு மெதுவாகத்தான் திறக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய இணைப்பு எவ்வளவு வேகமானாலும், உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகத்துக்கு மேல் போகாது.

இப்போது டெஸ்க்டொப். முதல் மாதம் அதில் பழகுங்கள். டெபியனைப் பத்துத் தரம் அழித்து அழித்து நிறுவுங்கள், பிழை விடுங்கள். கை பழகிய பிறகு லப்டொப்பில் உண்மையான படங்களை ஏற்றுங்கள். பிறகு அதன் 500 ஜிபி டிஸ்க்கின் எண்கள் சுத்தமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டு சேர்வரின் பிரதியை எடுத்து அணைத்துவிடுங்கள். மாதத்தில் நாலைந்து மணித்தியாலம் ஓடினால் கரண்ட் கணக்கில் தெரியவே தெரியாது. அணைந்திருக்கும் மெஷினை வைரஸும் தொடாது. பிரதி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அழித்ததை இங்கேயும் அழிக்கும் முறையில் எடுக்காதீர்கள். தவறுதலாக ஒரு போல்டர் அழிந்தால் இரண்டிலும் அழிந்துவிடும். போர்க், ரெஸ்டிக் போன்ற பிரதி எடுக்கும் மென்பொருள்கள் பழைய நிலைகளையும் சேர்த்து வைத்திருக்கும். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் முறையில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ரெய்ட், ஒரு டிஸ்க் செத்தாலும் சேர்வர் நிற்காமல் ஓட உதவும். அழிந்த படத்தை மீட்டுத் தராது.

பிரதிக்கென்று வாங்கிய அந்த வெளி டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. 2004 மார்கழி 26இல் எங்கள் சித்தி வீட்டுக்குள் கடல் வந்து போன பிறகு ஒரு அல்பம் கூட மிஞ்சவில்லை. அம்மம்மாவின் முகம் என்று இன்றைக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதுவும் தொண்ணூறுகளில் யாரோ வெளிநாட்டுக்குக் கடிதத்தோடு அனுப்பியதால் தப்பியது. உயிர் தப்பி ஓடியதிலும் இடம்பெயர்ந்ததிலும் இப்படிப் படமே இல்லாமற்போன குடும்பங்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகவே வெளி டிஸ்க்கைக் கடவுச்சொல்லோடு மறைகுறியாக்கி, உவர்மலைப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் அவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அண்ணா அடுத்த முறை ஊருக்கு வரும்போது இன்னொரு டிஸ்க் வாங்கி வரச் சொல்லி, முழுப் பிரதியையும் அதில் ஏற்றிக் கொடுத்தனுப்புங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அந்த டிஸ்க்கை எடுத்து வந்து புதுப்படங்களை ஏற்றும்போது, பழைய படம் ஒன்றை அதிலிருந்து வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.